நோரா ஏன் சுடல

பத்துக்கு மூணாம். மூணு மார்க். பவானி புயல்னு பேரு வச்சுக்கிட்டு ஒருத்தன் மூணு மார்க் போட்டிருக்கான், நாசமா போறவன், ‘பெண் உளவாளிகள் என்றதும் ஆவலோடு வாங்கினேன், கடைசிப் பக்கத்தில் கதை படுத்துவிட்டது’ங்கான், படுத்துட்டாம்லா, உன் தலையில இடி விழ. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் சாளை மீன் நாத்தம், செதிலு ஒண்ணு கண்ணிமையில ஒட்டி உறுத்துது, துடைக்கவும் முடியல, போனு துவைகல்லு மேல சோப்பு டப்பாவுல சாஞ்சு நிக்கி, நான் விரல மடக்கி முட்டியால தள்ளித் தள்ளிப் படிக்கேன். படிக்காம இருந்திருக்கணும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் மீனை ஆஞ்சோமா குழம்பைக் கூட்டினோமான்னு இருந்திருக்கணும். முடியல. மாதா கோயில்ல மத்தியான மணி அடிக்கிறதுக்குள்ள தெரிஞ்சு போயிரும். கோவில்பட்டியில இருந்து எடிட்டர் தனுஷ்கோடி சார் காலையிலேயே பதிவு போட்டுட்டாரு, கழுகுக்கண் காமிக்ஸோட ஞாயிறு பதிவு, ‘நண்பர்களே, பனியில் ஒரு பகை எப்படி? மதியம் பன்னிரண்டு வரை கருத்துகளை அள்ளி விடுங்கள், அதன் பிறகே நோரா, இல்க்கா இரண்டாம் பாகம் உண்டா இல்லையா என்ற முடிவு’ன்னு. அள்ளி விடுதானுவ, குப்பையை அள்ளுற மாதிரி. அந்த ரெண்டாம் பாகம் முழுசும் தமிழ்ல எழுதி முடிச்சு என் கம்ப்யூட்டருக்குள்ள கெடக்கு. எழுதினவ நான். முதல் பாகத்தை எழுதினவளும் நான்தான். இந்தப் புயலுக்கு அது தெரியாது, ஒருத்தனுக்கும் தெரியாது, காமிக்ஸ்ல மொழிபெயர்க்கிறவ பேரைப் போடுற பழக்கமே கெடையாது, எல்லாம் ‘ஆசிரியரின் பேனா விளையாடியிருக்கிறது’தான். ரெண்டாம் பாகத்துல போட்டுருவோம்மான்னு தனுஷ்கோடி சார் வாயால சொல்லியிருக்காரு. உள்பக்கத்துல, சின்ன எழுத்துல, தமிழில் பெனிட்டான்னு. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இங்கன மீன் கையோட போனை முட்டிக்கிட்டு கெடக்கேன்.

அடுத்தவன் அரக்கோணம் அம்பு. இவன் மார்க் போடல, கேள்வி கேக்கான். ‘நாற்பது பக்கம் துரத்துகிறாள். ரயில் கூரையில் துரத்துகிறாள், உறைந்த ஏரியில் துரத்துகிறாள். கடைசியில் எல்லைக் கதவில் இல்க்கா தனியாக நிற்கிறாள், கையில் ஆயுதம் இல்லை. நோரா துப்பாக்கியைத் தூக்குகிறாள், வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டுக் கதவைத் திறந்து விடுகிறாள். ஏன்? காரணமே இல்லை. பெண்புத்தி என்பதைத் தவிர வேறு விளக்கம் உண்டா நண்பர்களே?’ அதுக்குக் கீழ சிரிக்கிற பொம்மை வரிசையா. இன்னொருத்தன், ‘ஆண் ஏஜெண்டாக இருந்தால் ஒரே தோட்டா, கதை முடிந்தது, வீட்டுக்குப் போயிருக்கலாம்.’ போ, இப்பவும் போ, எவன் உன்னைப் பிடிச்சு வச்சிருக்கான். ஒரு சாளையை எடுத்து வாலுல இருந்து தலைப் பக்கமா கத்தியால ஒரு இழுப்பு, செதிலு தெறிக்கி, திருப்பிப் போட்டு இன்னொரு இழுப்பு, செவுளுக்குள்ள விரலை விட்டு ஒரு புடுங்கு. கருத்து சொல்ல வந்துட்டானுவ. காலையில பல்லு விளக்கும் முன்னாடி ‘முதல் ஆள் நானே’ன்னு போட்டுட்டு அப்புறம்தான் பதிவையே படிப்பானுவ, முதல் ஆளா வந்ததுக்கு மெடலு குத்துவாவ பாரு. காரணமே இல்லையாம். அடேய், காரணம் இருக்குடா. ரெண்டு முழுப் பக்கம் இருக்கு. நான் கண்ணு வலிக்க உக்காந்து எழுதின ரெண்டு பக்கம். உங்க கையில வரல, அதுக்கு நான் என்ன செய்ய, நோரா என்ன செய்வா. இல்லாத பக்கத்துக்கு அவளைப் போட்டு மிதிக்கானுவ, கூறுகெட்ட மூதியளா.

ஃபாரம் இடிக்குதும்மான்னாரு தனுஷ்கோடி சார். அச்சுல பதினாறு பதினாறு பக்கமா ஒரே தாள்ல அடிச்சு மடிப்பாவ, அதுதான் ஃபாரம், நாலு ஃபாரத்துக்குள்ள புஸ்தகம் அடங்கணும், ரெண்டு பக்கம் கூடினாலும் இன்னொரு ஃபாரம் போடணும், கட்டுப்படி ஆகாது. சரி, எதை எடுக்கிறது? அடுத்த மாச விளம்பரத்தை எடுக்க முடியாது. வாசகர் கடிதம் ரெண்டு பக்கம் இருக்கு, அதை எடுங்க சார்ன்னேன். அய்யய்யோன்னுட்டாரு. ‘வாசகர் பக்கத்துல கை வச்சா நான் செத்தேம்மா, தன் பேரைப் பாக்கத்தான் பாதிப் பேரு புஸ்தகமே வாங்குதான்.’ அப்ப கதையில கை வைக்கலாமா? வைக்கலாமாம். வாசகன் பேசணும்னா நோராவும் இல்க்காவும் வாயை மூடணும். அட்டையில மட்டும் ‘ஒரு கட்டம்கூடக் குறையாத முழுப் பதிப்பு’ன்னு கொட்டை எழுத்துல போட்டுக்கிடுதாரு, போன தடவை எதோ ஒரு கதையில அரைப்பக்கம் காணோம்னு ஊரே சேந்து அவரை உரிச்சு உப்புத் தடவினதுக்கு அப்புறம் கொடுத்த வாக்கு அது. அதனால வெட்டினது யாருக்கும் தெரியக்கூடாது. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எந்தப் பக்கத்தை வெட்டலாம்னு எடுத்துக் கொடுத்த புண்ணியவானுக்குத் தெரியும். அந்தப் புண்ணியவான் வேற யாரு, என் கழுத்துல தாலி கட்டின ரெக்ஸன்தான். தனுஷ்கோடி சார் போன் போட்டுக் கேட்டிருக்காரு, இவன் சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு, வாயில கவளத்தோட, ‘அந்தப் பனிக்குடிசையில ரெண்டு பொம்பளையும் உக்காந்து பேசிக்கிட்டே இருப்பாளுவல்லா சார், அதைத் தூக்குங்க, ஆக்‌ஷன் குறையாது’ன்னான். நான் அப்ப அவனுக்கு ரசம் ஊத்திக்கிட்டு இருக்கேன். என் கையால ஊத்தின ரசம். கரண்டியோட நின்னேன். போனை வச்சுட்டு என்னைப் பாத்து, ‘நல்ல யோசனைலா?’ன்னான். தூக்கின இடத்துல என்ன வந்துச்சு தெரியுமா? வாசகர் கடிதத்துல முதல் கடிதம் அவனோடது. முத்துநகர் மாவீரன், தூத்துக்குடி. முத்துநகருக்கு ஒரு மாவீரன்! கரப்பான் பூச்சியைக் கண்டா கட்டில்ல ஏறி நிக்கிற மாவீரன்.

பேசிக்கிட்டே இருப்பாளுவளாம். என்ன பேசுதான்னு படிச்சானா அவன்? இல்க்காவுக்குக் கை முறிஞ்சு போச்சு, வெளிய பனி கொட்டுது, குடிசையில அவளும் அவளைக் கொல்ல வந்தவளும் மட்டும். நோரா தன் கழுத்துத் துணியைக் கிழிச்சு அவ கையைக் கட்டுதா. கட்டும்போது இல்க்கா சொல்லுதா, உன் மேலதிகாரியும் என் மேலதிகாரியும் ஒரே ஓட்டல்ல ஒரே மேசையில உக்காந்து குடிக்கிறதை என் கண்ணால பாத்தேன், நாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முடிச்சுக்கிட்டா அவனுவளுக்குச் சாட்சியே இருக்காதுன்னு. நோரா உடனே நம்பிருவாளா? நம்பல. துணியை இழுத்து முடிச்சுப் போடுதா. அந்தக் கட்டத்துல இங்கிலீஷ்ல ஒரு வறட்டு வரி இருந்துச்சு, இது நட்பு இல்லைங்கிற மாதிரி. எனக்கு அது பிடிக்கல. வெறுக்கிறவ கையைத் தொட்டுக் கட்டுப் போடுற பொம்பள தமிழ்ல என்ன சொல்லுவா? மூணு நாளு யோசிச்சேன், டியூஷன் பிள்ளையளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்கும்போதும் யோசிச்சேன், அப்புறம்தான் என் கையைப் பாத்தேன். இடது கை ஆள்காட்டி விரல்ல தழும்பு இருக்கு, இந்தா இருக்கு, இப்பவும் உப்புத்தண்ணி பட்டா லேசா சுரீர்ங்கும். இதே இடம், இதே துவைகல்லு, இதே கத்தி. வெளை மீன் வழுக்கி விரலு பொளந்துட்டு. கத்தினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஃபிலோமி அக்கா ஓடி வந்தாவ. என் ஓர்ப்படி. ரெக்ஸனோட அண்ணன் பொண்டாட்டி.

அப்ப நாங்க பேச்சு வார்த்தை இல்ல. மோட்டார் சண்டை. ரெண்டு வீட்டுக்கும் ஒரே மோட்டாரு, ஒரே குழா, அவிய தொட்டிக்கு முதல்ல விடணுமா எங்க தொட்டிக்கு முதல்ல விடணுமான்னு ஆரம்பிச்சது, எங்கெங்கயோ போயி, எனக்குப் பிள்ளை இல்லாதது வரைக்கும் வந்து நின்னுது. அதை அவிய வாயால சொன்னாவ. நானும் திருப்பி ஒண்ணு சொன்னேன், அதை இப்ப திரும்பச் சொல்ல மாட்டேன். அந்த அக்காதான் ஓடி வந்து என் கையைப் பிடிச்சு மேல தூக்கி, மஞ்சப்பொடியை அமுக்கி, தன் நைட்டி ஓரத்தையே டர்ருன்னு கிழிச்சுக் கட்டினாவ. முகத்தைப் பாக்கல. கட்டி முடிச்சுட்டு, ‘ஏட்டி, உன் மேல உள்ள கோவம் அப்படியேதான் இருக்கு. அது வேற, இது வேற’ன்னுட்டுப் போயிட்டாவ. அந்த வரியை அப்படியே தூக்கி நோரா வாயில வச்சேன். ‘உன் மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. அது வேறு, இது வேறு.’ எழுதினதும் எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நோரா ஏன் சுடலைன்னா அதுக்குத்தான் சுடல, மடையனுவளா. மனசு மாறல, இரக்கப்படல, பெண்புத்தி இல்ல. எவன் தன்னை ஏவி விட்டான்னு தெரிஞ்சுக்கிட்டா. இந்த வீட்டுலயும் அதே கதைதான் நடக்கு, எழுதும்போதுதான் எனக்கு உறைச்சுது. ரெக்ஸன் என் குழம்புல கையை வச்சுக்கிட்டே, ‘என்ன இருந்தாலும் அண்ணி வைக்கிற புளிமுளக் குழம்பு வராது’ம்பான். அவன் அண்ணன் மதிலுக்கு அந்தப் பக்கம், ‘பெனி எம்.ஏ. படிச்சவ, அவ கிட்ட கேட்டுப் படி’ம்பான். சாயங்காலம் ரெண்டு பேரும் பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரே கடையில டீ குடிச்சுக்கிட்டு, நம்ம வீட்டு ரெண்டு ஏஜெண்டும் இன்னைக்கு என்ன சண்டைன்னு சிரிப்பானுவ. சிரிச்சானுவ, ஒரு நா அந்தப் பக்கம் போனப்ப நான் காதால கேட்டேன்.

இப்பவும் அக்கா அந்தா உக்காந்திருக்காவ, பொதுக் குழாக்கு அந்தப் பக்கம், எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, அவிய சட்டியில அவிய மீனு. எனக்கு முன்னாடியே முடிச்சிருவாவ, கை அப்படி ஓடும். காக்கா ஒண்ணு மதில்ல நின்னு ரெண்டு சட்டியையும் மாறி மாறிப் பாக்கு. மணி என்ன? பதினொண்ணு தாண்டியாச்சு. இன்னும் ஏழெட்டுக் கருத்து வந்திருக்கு, முட்டியால தள்ளுதேன், போனு கண்ணாடியில செதிலு ஒட்டி எழுத்து மறைக்கி. ‘இரண்டாம் பாகம் வேண்டாம், அந்த இடத்தில் கௌபாய் கதை போடுங்கள்.’ ‘வழிமொழிகிறேன்.’ ‘வழிமொழிகிறேன்.’ ‘வசனங்கள் நன்று, கதை வீண்.’ இவன் ஒருத்தன் வசனத்தைச் சொன்னான், யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இரு. ஆனா ஒருத்தன் போதாது. வேண்டாம்னே முடிஞ்சிரும். மாதாவே, வேண்டாம்னுதான் முடியப்போவுது. ரெண்டாம் பாகத்துல நோராவும் இல்க்காவும் சேந்து அந்த ரெண்டு அதிகாரியையும் தேடிப் போறாளுவ, அந்த ஓட்டலுக்கே போறாளுவ, அதே மேசையில உக்காருதாளுவ, அந்த இடத்துல நான் எழுதின வசனம் எனக்கே மனப்பாடம். அது கம்ப்யூட்டருக்குள்ளேயே மக்கிப் போவும். ஒரு வேளை இவனுவ சொல்லுறதுதான் சரியோ? நான் மண்டையைப் போட்டு உடைச்சது எல்லாம் எனக்குத்தான் பெருசோ? அந்த ரெண்டு பக்கம் இருந்திருந்தாலும் மூணு மார்க்தான் போட்டிருப்பானோ? இருந்தா இருக்கட்டும். படிச்சுட்டு மூணு போடு, படிச்சுட்டுக் காறித் துப்பு, வாங்கிக்கிடுதேன். படிக்காமலே துப்புறியே, அதைத்தான் பொறுக்க முடியல.

ரெக்ஸன் உள்ள முன் ரூம்ல ஃபேனுக்குக் கீழ படுத்துக்கிட்டு போனைத் தடவிக்கிட்டு இருக்கான். அவன் போனு டிங்கு டிங்குன்னு அடிக்கிறது இங்க வரைக்கும் கேக்கு. காமிக்ஸ் பைத்தியம், சின்ன வயசுல இருந்து, பீரோவுல என் சேலைக்கு இடம் இல்ல, புஸ்தகம் அடுக்கியிருக்கான், பாலித்தீன் உறை போட்டு. அதை நான் குறை சொல்லல. அவன் கூட்டிக்கிட்டுப் போயித்தான் தனுஷ்கோடி சாரையே தெரியும், வீட்டுல இங்கிலீஷ் படிச்ச ஆளு இருக்குன்னு அவன்தான் சொன்னான். அதுக்கு நன்றியும் இருந்துச்சு எனக்கு. போன வருஷம் மதுரையில வாசகர் சந்திப்பு, நானும் போனேன், ஒரே பொம்பள நான்தான், பின் வரிசையில பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மேடையில தனுஷ்கோடி சார், ‘நம்ம தூத்துக்குடி ரெக்ஸன் வீட்டுல இருந்துதான் இப்ப நமக்கு மொழிபெயர்ப்பு வருது’ன்னாரு. அவ்வளவு பேரும் திரும்பி இவனைப் பாத்துக் கை தட்டினானுவ. கை குலுக்கினானுவ. தோள்ல கை போட்டுப் போட்டோ எடுத்தானுவ. இவன் இல்லைன்னு சொல்லல, ஆமான்னும் சொல்லல, சிரிச்சான். பவ்யமா ஒரு சிரிப்பு, தலையை லேசாச் சாய்ச்சு. நான் சொல்லுவான் சொல்லுவான்னு பின் வரிசையில சேலையைச் சரி பண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன், கூப்பிட்டா எழுந்திரிச்சுப் போகணுமேன்னு. பஸ்ஸுல வரும்போது கேட்டேன். ‘அங்க போயி அதையெல்லாமா விளக்கிக்கிட்டு இருக்க முடியும்? அவனுவளே புரிஞ்சுக்கிடுவானுவ’ன்னான். விருதுநகர் தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டான், என் தோள்லயே.

புதுசா ஒண்ணு வந்திருக்கு. முட்டியால தள்ளுதேன். முத்துநகர் மாவீரன். வந்துட்டாரு மாவீரன், என்ன சொல்லுதாரு பாப்போம், பொண்டாட்டிக்கு ஒரு வார்த்தை, வெட்டினதைச் சொல்ல வேண்டாம், கொஞ்சம் பொறுங்கப்பா ரெண்டாம் பாகம் நல்லா இருக்கும்னு ஒரு வார்த்தை. ‘நண்பர்களே, உங்கள் கோபம் நியாயமானதே. கடைசிக் காட்சியில் காரணம் இல்லாதது எனக்கும் பெரும் ஏமாற்றம். பலர் என்னைக் கேட்பதால் ஒரு விளக்கம்: இம்முறை மொழிபெயர்ப்பில் அடியேனின் பங்கு எதுவும் இல்லை. அது எங்க வீட்ல செஞ்சது. கொஞ்சம் பொறுத்தருளவும்.’ கீழ சிரிக்கிற பொம்மை. அவனே போட்டிருக்கான் பொம்மையை. வீட்ல. கை தட்டு வாங்கும்போது வீட்ல யாரும் இல்ல, அடி விழும்போது வீட்ல ஆளு இருக்கு. அதுக்குள்ள ஒருத்தன், ‘ஹா ஹா, வீட்ல செஞ்ச இட்லின்னா சாப்பிட்டுத்தான் ஆகணும் நண்பா’ங்கான். இன்னொருத்தன், ‘இப்போது புரிகிறது நோரா ஏன் சுடவில்லை என்று.’ காரணம் இல்லாதது இவனுக்கு ஏமாற்றமாம்! வாயில கவளத்தோட வெட்டச் சொன்னவனுக்கு ஏமாற்றமாம்! சேசுவே! கையில இருந்த சாளை நசுங்கிக் குடலு விரலிடுக்குல வழியுது, நான் இன்னும் அமுக்குதேன், கத்தியை எடுத்துக் கல்லுல ஓங்கிக் குத்தினேன், சோப்பு டப்பா சரிஞ்சு போனு குப்புற விழுந்துட்டு.

“என்னட்டி, செத்த மீனைப் போட்டு ஏன் குத்துத?” அக்கா திரும்பிப் பாத்துட்டாவ. ரொம்ப நாளைக்கு அப்புறம் மோட்டாரை அமத்து, மோட்டாரைப் போடுங்கிறது அல்லாம ஒரு பேச்சு. நான் ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தா அழுகை வந்துட்டு, கோவத்துலதான், மீன் கையால முகத்தைத் துடைக்கவும் முடியாம, சளியும் கண்ணீருமா, எல்லாத்தையும் கொட்டிட்டேன். காமிக்ஸு, நோரா, ரெண்டு பக்கம், வெட்டினது, மத்தியானம் மணி அடிக்கிறது, வீட்ல. “அந்தப் பக்கத்துல நீங்க சொன்னதைத்தான்க்கா எழுதியிருந்தேன். என் கை வெட்டுப்பட்டப்ப சொன்னீங்கள்லா. அது வேற, இது வேறன்னு.” அக்கா கத்தியைக் கீழ வச்சாவ. “நான் சொன்னதையா?” “ஆமாக்கா.” “புஸ்தகத்துல போட்டியா? நான் சொன்னதையா?” “போட்டேன். அதைத்தான் வெட்டிட்டாவ.” “எவன் வெட்டினான்?” “எடிட்டரு. எடுத்துக் கொடுத்தது உங்க கொழுந்தன்.” அக்கா குழாயைத் திறந்து, சோப்பை எடுத்து, நிதானமா ரெண்டு கையும் கழுவினாவ, நகக்கண்ணுல இருந்த செதிலைக்கூட எடுத்தாவ, நைட்டியில துடைச்சாவ, என் போனை எடுத்தாவ. “அந்த ரெண்டு பக்கமும் இதுல இருக்கா?” இருக்கு. எழுத்து கோக்கிற தம்பி பிழை பாக்க அனுப்பினது அப்படியே இருக்கு. எங்க திறக்கணும்னு சொன்னேன். அக்கா போனைத் தூரத்துல பிடிச்சு, எழுத்துக் கூட்டுற மாதிரி மெல்லமா வாசிச்சாவ, நோரா துணியைக் கிழிக்கிற இடம், கட்டுப் போடுற இடம். தன் வரி வந்ததும் உதடு நின்னுட்டு. திரும்பி ஒரு தடவை வாசிச்சாவ. அப்புறம், “இதைப் போயி வெட்டியிருக்கானுவளே, கரிமுடிவானுவ”ன்னாவ. “எதை அமுக்கணும், சொல்லு.”

எதை அமுக்கணும்னு எனக்குத் தெரியும். அமுக்கினா என்ன ஆகும்னும் தெரியும். ஒரு கட்டம்கூடக் குறையாத முழுப் பதிப்புன்னு அட்டையில போட்ட தனுஷ்கோடி சாரை அத்தனை பேரும் உரிப்பானுவ. என்னை அவரு இனிமே கூப்பிட மாட்டாரு. ரெண்டாம் பாகமே வந்தாலும் அதுல என் பேரு வராது, வேற ஆளை வச்சு எழுதிக்கிடுவாரு. சின்ன எழுத்துல ஒரு வரி, உள்பக்கத்துல, தமிழில் பெனிட்டா. இவ்வளவு நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தது அந்த ஒரு வரிக்காகத்தான். பவ்யமாச் சிரிக்கிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், நானும் சிரிக்காம வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான். “சீக்கிரம் சொல்லுட்டி, வெயிலு ஏறுது.” சொன்னேன். இதை அமுக்குங்க, அந்த ரெண்டு படத்தையும் தொடுங்க, இப்ப எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல அக்கா ஒத்த விரலால தேடித் தேடிக் குத்தினாவ. நோரா ஏன் சுடவில்லை என்று கேட்டவர்களுக்கு. இந்த இரண்டு பக்கங்கள் புத்தகத்தில் இல்லை. இருந்த இடத்தில் வாசகர் கடிதம் வந்திருக்கிறது. “பேரு என்ன போட?” தமிழில் பெனிட்டான்னு போடுங்கக்கா. “அவ்வளவுதானா? ரெக்ஸன் பேரு பின்னால வேண்டாமா?” வேண்டாம். அக்கா அமுக்கினாவ. போனைத் திரும்பச் சோப்பு டப்பாவுல சாச்சு வச்சுட்டு, அவிய சட்டிக்கிட்டப் போயி உக்காந்தாவ. உக்காந்துட்டு, “மோட்டார் விசயம் அப்படியேதான் இருக்கு, பாத்துக்கோ”ன்னாவ. “தெரியும்க்கா”ன்னேன்.

கோயில்ல மணி அடிக்கி. பன்னெண்டு மணி திருந்தாதி செபம். அக்கா சிலுவை போட்டுக்கிட்டாவ, நான் மீன் கையோடயே போட்டுக்கிட்டேன், நெத்தியில செதிலு ஒட்டியிருக்கும். உள்ள டிங்குங்குது. டிங்கு டிங்குங்குது. விடாம அடிக்கி. கட்டில் கிறீச்சுங்கிற சத்தம், எழுந்திரிச்சு உக்காந்துட்டான் போல. அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும்தான். “பெனி”ன்னு கூப்பிடுவான்னு பாத்தேன், கூப்பிடல. முட்டியால தள்ளினேன். என் பேருக்குக் கீழ முதல் ஆளா வந்திருக்கான் பவானி புயல். மார்க் போடல. பொம்மை போடல. ‘அது வேறு, இது வேறு’ன்னு அக்கா வரியைத் திரும்ப எழுதியிருக்கான், அதுக்குக் கீழ ஒரு கேள்வி. ‘யார் இந்த பெனிட்டா?’ அதுக்குக் கீழ அரக்கோணம் அம்பும் அதையே கேட்டிருக்கான், அதுக்குக் கீழ இன்னொருத்தன். நான் பதில் போடல. உள்ள கட்டில்ல போனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கானே, அவனுக்குத் தெரியும். மதுரையில சொல்லாததை இங்க சொல்லட்டும், அத்தனை பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கானுவ. நான் அடுத்த சாளையை எடுத்து வாலைப் பிடிச்சேன்.